குதிரைக் கொட்டடியில் செம்பருந்து

"இதை முடிச்சு விடும்" என்றார் டாக்டர். மீன் கூடைக்குள் அவர் குனிந்து பார்த்தது அரை நிமிடம்கூட இருக்காது. நிமிர்ந்து, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த மேசையில் நின்ற ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கூடையில் இருந்தது ஒரு செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். துறைமுகத்தில் மீன் ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரோ கல்லால் அடித்திருக்க வேண்டும். இடது இறக்கை தொங்கிப்போய்க் கிடந்தது. கூடைப் பிரம்பில் உரசி வால் இறகுகளும் முறிந்திருந்தன.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு இருபத்தேழு வயது. சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் கணவரோடு குடியிருந்தேன். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், பழைய குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் இருந்த மிருக ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. நாய்க் கூண்டுகளைக் கழுவ வேண்டும், கட்டுப் போடும்போது மிருகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிழைக்காது என்று டாக்டர் சொல்லும் பிராணிகளை மயக்கப் பெட்டியில் வைத்து முடிக்க வேண்டும். ஆம்பளைகள் செய்யத் தயங்கிய கடைசி வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்திருந்தது. நானும் செய்துகொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குப் போனபிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். சொன்னதை ஒரு தடவைதான் சொல்வார். பருந்து விஷயத்தில் அவர் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. அந்த மாதம் தீவெங்கும் கோழிகளைக் கொல்லும் கோழிக்கழிச்சல் நோய் பரவியிருந்தது. காட்டுப் பறவை எது உள்ளே வந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. தினமும் கோழிக்காரர்கள் வந்துபோகும் இடத்தில், எங்கெங்கோ தின்றுவிட்டு வரும் பருந்தை எந்த டாக்டர் வைத்துக்கொள்வார்?

பெட்டியை எடுத்து வைத்தேன். பஞ்சையும் எடுத்தேன். மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்தேன். பருந்து வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. சத்தமே போடவில்லை.

எங்கள் தெருவில், வானத்தில் செம்பருந்து வட்டம் போட்டால் நடக்கிறவர்கள் நின்று "கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன். அந்தக் கையால் அந்தப் பஞ்சை நனைக்க முடியவில்லை. பக்தி என்று சொன்னால் அது பொய். பயம்தான். கருடனைக் கொன்றால் வீட்டில் யாருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். நாய்களைக் கொல்லும்போது வராத பயம் இதற்கு மட்டும் ஏன் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

புட்டியை மூடினேன். கூடை மேல் சாக்கைப் போட்டு, பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பந்தயம் நடந்த காலத்துக் குதிரைக் கொட்டடிகள் அங்கே ஏழெட்டு இருந்தன. கடைசிக் கொட்டடியில் உடைந்த கூண்டுகளும் வைக்கோலும் மட்டும்தான். அதில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் டாக்டர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"முடிச்சாச்சோ?"

"ஆமா சார்."

முடிந்தது என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பின்கட்டு யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்தது ஒரு ராத்திரிகூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே என் மலாய்க்காரக் கூட்டாளி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முன்பு பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர். இப்போது எங்களிடம் ஆடுமாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அபாங் என்றுதான் கூப்பிடுவேன், மலாயில் அண்ணன். எங்களுக்குள் பேச்செல்லாம் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், வாய்க்கு வாய் அவர் சேர்க்கும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு.

"வைக்கோல் எடுக்கப் போனேன் லா. உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்குது. யார் வேலை இது?"

"என் வேலைதான் அபாங்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"செத்துப்போச்சுன்னு நினைக்கிறார்."

அவர் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். "இறக்கையை இப்படித் தொங்கவிட்டால் நீ சொன்ன பொய் நாளைக்கே உண்மையாகிவிடும். துணி கொண்டு வா."

அவர் ஒரு சாக்கைப் பருந்தின் தலைமேல் போட்டு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தார். வாத்துக்கும் கோழிக்கும் டாக்டர் கட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இறக்கையை மடித்து, எட்டுப் போலச் சுற்றி, உடம்போடு சேர்த்துக் கட்டினேன். தடவிப் பார்த்தபோது முன்பக்கத்து இரட்டை எலும்பில் ஒன்று மட்டும் பிசகியிருப்பதாகத் தோன்றியது. மற்றது முழுசாக இருந்தது. நான் நினைத்தது சரியா என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி கிடையாது. செம்பருந்து கூவாது. குழந்தை சிணுங்குவதைப்போல இழுத்து இழுத்துக் கத்தும். பசித்தால் கத்தியது, காகம் பறந்தால் கத்தியது. முன்கட்டில் நான் ஒரு நாயின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். உடனே அபாங் எங்கிருந்தோ ஓர் ஆட்டைத் திட்டுவார். டாக்டர் ஒருநாள் ஊசியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பின்னுக்கு என்ன சத்தம்?"

"ஆட்டுக்குட்டி சார்."

"ஆட்டுக்குட்டியே?" என்று ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், அபாங் புல் எடுக்கப் போயிருந்தார். தனியாகப் போய்க் கட்டை இறுக்கிவிடலாம் என்று போனேன். சாக்கைச் சரியாகப் போடவில்லை. ஒரு கால் வெளியே வந்து என் முன்கையைப் பிடித்தது. நான்கு நகமும் உள்ளே போய்விட்டன.

வலியைவிடப் பெரிய விஷயம், அது விடவில்லை என்பதுதான். நான் இழுக்க இழுக்க இறுகியது. பருந்துக்கும் பயம், எனக்கும் பயம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மாட்டு வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு கத்தல் போட்டால் ஓடி வருவார்கள். பருந்தையும் பார்ப்பார்கள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். ரத்தம் முழங்கைக்கு இறங்கி வைக்கோலில் சொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கதவு திறந்தது.

அபாங் புல்கட்டைப் போட்டுவிட்டு வந்தார். நகத்தைத் தொடவே இல்லை. காலைத் தொடையோடு பிடித்து மெல்ல நேராக நீட்டினார். முட்டி நீண்டதும் விரல்கள் தானாக விரிந்தன.

"மடக்கினால் பூட்டு, நீட்டினால் திறப்பு" என்றார். "இழுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?"

உண்மையில் அவர் அதற்கு முன் ஒரு தடவையும் சொன்னதில்லை.

வீட்டில் கணவரிடம் நாய் கடித்துவிட்டது என்றேன். அவர் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். அவசரக்காரர். காயத்தைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"கெளம்பு. நாய்க்கடின்னா வயித்தைச் சுத்தி ஊசி போடணும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சின்னக் கடிதான். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா? எந்த நாய்? வெறி நாயான்னு டாக்டர் பாத்தாரா? நானே வந்து கேக்கறேன் அவர்கிட்ட."

அவர் டாக்டரிடம் வந்து கேட்டால் எல்லாம் முடிந்தது. அதனால் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"கருடனைக் காப்பாத்தினது சரி. கையெழுத்து எதுக்குப் போட்டே?"

குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிப்போட்டிருந்தோம். என் வேலையையும் நம்பித்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. மஞ்சளை அரைத்துக் காயத்தில் அவரே வைத்துக் கட்டினார். ஆனால் அன்றிலிருந்து நான் வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்பதுதான்.

சந்தையிலிருந்து கெம்போங் எனும் கானாங்கெளுத்தி மீன் வாங்கி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தின்றது. பிறகு முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. எச்சம் தண்ணீராகப் போனது. மார்பெலும்பு கையில் கத்திபோலத் தட்டுப்பட்டது. ஒருநாள் வைக்கோலில் ஓடிய சுண்டெலியை அது தாவிப் பிடித்து முழுசாக விழுங்கியதைப் பார்த்தேன். மறுநாள் காலை, ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகச் சேர்த்துக் கக்கியிருந்தது. அன்றைக்குக் கண் தெளிவாக இருந்தது. மீன் சதை மட்டும் போதாது, எலும்பும் ரோமமும் வயிற்றுக்குள் போய் வர வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

எலி பிடிப்பதையே வேலையாகச் செய்யும் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். நகரசபைச் சுகாதாரப் பகுதியில் இருந்தார். கடைத்தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் கூண்டு வைத்து, காலையில் சைக்கிளில் சேகரித்துப் போவார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பெருமாள் பக்தர், நெற்றியில் நாமம் இல்லாமல் எலியைக்கூடத் தொடமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் சைக்கிளிலிருந்தே இறங்கிவிட்டார்.

"கருடாழ்வாருக்கா? தங்கச்சி, இது எனக்குக் குடுத்து வச்சிருக்கணும். தினம் ஒண்ணு கொண்டாந்து தர்றேன்."

"கூண்டுல பிடிச்சது மட்டும்தாண்ணே. மருந்து வச்சுச் செத்தது வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா? நானா அதுக்கு வெஷம் குடுப்பேன்?"

சொன்னபடி கொண்டுவந்தார். வேலியில் இருந்த ஓட்டை வழியாகக் காகிதப் பொட்டலம் வரும். பருந்து தேறியது. இருபத்து நாலாம் நாள் கட்டை அவிழ்த்தோம். முதலில் இறக்கையை விரிக்கத் தெரியாததுபோல நின்றது. இரண்டு நாளில் தரையிலிருந்து உடைந்த கூண்டின் மேலே தாவியது. முறிந்த வால் இறகுகள் உதிர்ந்து புது இறகுகள் நீலநிறக் குருத்தாக வரத்தொடங்கின. இன்னும் இரண்டு வாரம் போனால் திறந்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று அபாங் சொன்னார். நானும் நம்பினேன்.

முப்பத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வேலிப் பக்கம் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. எலிக்காரர் மூச்சு வாங்க நின்றிருந்தார். நாமம் வேர்வையில் கலைந்திருந்தது.

"தங்கச்சி... சனிக்கிழமை குடுத்தேனே மூணு எலி. குடுத்துட்டியா?"

"சனி ஒண்ணு, ஞாயிறு ஒண்ணு, நேத்திக்கு ஒண்ணு. ஏண்ணே?"

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்று கூண்டில் எதுவும் விழவில்லையாம். கிடங்குப் பக்கம் வேலை செய்த வேறொரு ஆள், புதிதாக அடித்துக் கொன்றது என்று சொல்லி மூன்றைக் கொடுத்தானாம். இன்று காலை பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அந்தக் கிடங்கில் ஒரு வாரமாக மருந்து கலந்த அரிசி வைத்திருக்கிறார்கள்.

"என் கையால குடுத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைத் தேற்ற நேரமில்லை.

கொட்டடிக்கு ஓடினேன். பருந்து தரையில் நின்றிருந்தது, மேலே ஏறவில்லை. வால் குருத்து ஒன்று எங்கோ இடித்து உடைந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குருத்தில் ரத்தம் இருக்கும், உடைந்தால் சொட்டும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். முன்பு ஒருமுறை அப்படி நின்றது. இப்போது வைக்கோல் நெடுக ரத்தம். காலையில் எப்போது உடைந்ததோ, இன்னும் நிற்கவில்லை. ரத்தம் நிற்க வைக்கும் சோளமாவை எடுத்துவந்து அழுத்தினேன். மாவு சிவந்து, சிவப்பு கீழே வழிந்தது. மூக்குத் துளையின் ஓரத்திலும் ஒரு பொட்டு.

எலி மருந்து தின்ற நாய்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. இப்படித்தான் ரத்தம் நிற்காமல் கிடக்கும். டாக்டர் அதற்கு ஓர் ஊசி போடுவார், ரத்தம் உறைவதற்கான ஊசி. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அவருடைய அறை அலமாரியில் பூட்டிவைத்திருப்பார். சாவி மேசை மேல் கண்ணாடித் தட்டில் கிடக்கும்.

பத்தரை மணிக்கு அவர் தேநீர் குடிக்கப் போவார். போனார். உள்ளே போய்ச் சாவியை எடுத்தேன். அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நாய்க்கு அரைக் குப்பியா, முழுதா? அவர் எடையைக் கேட்டு, கணக்குப் போட்டு, பிறகுதான் ஊசிக்குழலில் ஏற்றுவார். நாயைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை, கணக்கு எனக்குத் தெரியாது. பருந்து ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்லை. அதிகம் போட்டால் என்ன ஆகும்? எங்கே குத்துவது?

வெளியே காலடிச் சத்தம். குப்பியை வைத்தேன், பூட்டினேன், சாவியைத் தட்டில் போட்டேன். வாசலைத் தாண்டிப் போனது கூட்டுகிற ஆள்தான். நான் தப்பிவிட்டேன். ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திருடினால் அது என் கையாலேயே சாகும். சொன்னால் பிழைக்கலாம், என் வேலைதான் போகும்.

டாக்டர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன்.

"என்ன வேணும்?"

"சார், பருந்து எலி மருந்து தின்னுடுச்சு."

"எந்தப் பருந்து?"

"மீன் கூடையில வந்துச்சே சார். முடிக்கச் சொன்னீங்களே. நான் முடிக்கல."

அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தினை நாள்?"

"முப்பத்தெட்டு நாள் சார்."

"எங்கை வைச்சிருக்கிறீர்?"

"கடைசிக் கொட்டடியில."

"அந்த ஆட்டுக்குட்டியோ?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சாவியை எடுத்தார், அலமாரியைத் திறந்தார், பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வழியில் நின்ற அபாங் எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொட்டடிக்குள் அபாங் பருந்தைப் பிடித்தார். டாக்டர் எடை போட்டார், வாயைத் திறந்து உள்ளே பார்த்தார், ஊசி போட்டார். குருத்தை அடியோடு பிடுங்கி, பஞ்சை வைத்து அழுத்தி, என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். "இதை எடுக்கப்பிடாது. நான் சொல்லுமட்டும்." கடைசியில் இடது இறக்கையை விரித்து எலும்பைத் தடவிப் பார்த்தார்.

"ஆர் கட்டினது?"

"நான்தான் சார்."

"ஒரு எலும்புதான் உடைஞ்சது. மற்றது தாங்கிப் பிடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "கட்டு பிழையில்லை."

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விரலை எடுக்கச் சொன்னார். ரத்தம் வரவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனிக்காததுபோலப் பையை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்த முப்பத்தெட்டு நாளும் இதைத் தொட்ட கையோடை எத்தினை கோழியைத் தொட்டனீர்?"

அழுகை நின்றுவிட்டது.

அதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தேன், தள்ளிவைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். அது போதுமா என்று அவரிடம் கேட்டிருக்க முடியாது. அவர் பருந்தின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் முன்கட்டுக்கு வரக்கூடாது, கோழிக்காரர்கள் பக்கம் போகக்கூடாது. வேலை நேரம் முழுக்கக் கொட்டடியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு சீனர் பிரம்புக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்கு வந்தார். பொங்கோல் பக்கத்தில் கோழி வளர்ப்பவர். போன மாதம் முட்டைக் கோழி ஒன்றுக்குக் கால் வீக்கம் என்று வந்திருந்தார். அந்தக் கோழியைப் பிடித்துக்கொண்டது நான்தான். இப்போது கூடையைத் திறந்து தரையில் கவிழ்த்தார். பன்னிரண்டு கோழிகள். கழுத்து முறுக்கிக்கொண்டு செத்திருந்தன. வீட்டில் இன்னும் கிடக்கிறது என்று கையால் காட்டினார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கொட்டடிக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சீனர் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. கணவர் கேட்டபோது, "அந்த ஆளோட கோழி என்னாலதான் செத்துருக்கும்" என்றேன்.

"நீ பாத்தியா? டாக்டர் சொன்னாரா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப சொல்றவரைக்கும் சோறு தின்னு."

அவரும் தின்னவில்லை.

டாக்டர் தினம் காலையும் மாலையும் வந்து பருந்துக்கு ஊசி போட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சார், முதல் நாளே வச்சுக்கலாமான்னு உங்ககிட்ட கேட்டிருந்தா?"

அவர் மேலே, கூரையைப் பார்த்து யோசித்தார். நல்ல வார்த்தை எதையாவது சொல்லி முடிக்கலாம் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார்.

ஐந்தாம் நாள் கடுதாசி வந்தது. அவர் படித்துவிட்டு, கொட்டடிக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்றார். பருந்தின் ரத்தத்தில் கோழிக்கழிச்சலின் அடையாளம் எதுவும் இல்லை. சீனரின் கோழிகள் செத்தது அந்த நோயால்தான். ஆனால் அவர் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாங்கிச் சேர்த்த குஞ்சுகளோடு அது முன்பே வந்திருந்தது. நான் கும்பிட்டேன். யாரை என்று தெரியவில்லை.

"கும்பிடாதையும்" என்றார். "இது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைச் சரி எண்டு சொல்லேலாது. இதுக்கு நோய் இருந்திருந்தால் அந்த மனுசனுக்கு நீர் என்ன சொல்லியிருப்பீர்?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியேல்லை."

ஆனால் பருந்தை இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று ஆனது. எலிக்காரர் வாசல் வழியாகவே வந்தார். டாக்டர் அவரை நிற்கவைத்துக் கடுமையாகப் பேசினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு கொட்டடிக்கு வந்து, எட்ட நின்று, பருந்தின் முன்னால் மூன்று தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் கொண்டுவந்ததெல்லாம் கூண்டோடு, உயிரோடு.

பறக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அபாங் பழைய கடிவாளத் தோலை வெட்டி, இரண்டு காலுக்கும் மெல்லிய வார் செய்தார். அதில் நீளமான தூண்டில் கயிற்றைக் கட்டினோம். காலையில் பந்தாட ஆட்கள் வருவதற்கு முன்பு பழைய பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் பத்தடி பறந்து புல்லில் விழுந்தது. இடது பக்கம் சாய்ந்தது. மறுநாளும் சாய்ந்தது. மூன்றாம் நாள் டாக்டரே கால்சட்டையைப் பனியில் நனைத்துக்கொண்டு வந்து நின்றார். சாய்ந்தபடியே கயிறு முடியும்வரை போனது. கயிறு இழுத்ததும் பொத்தென்று விழுந்தது. நான் ஓடினேன்.

"அடிபட்டுதோ?"

"இல்ல சார்."

"அப்ப திரும்பவும் விடும்."

பத்து நாள் இப்படியே நடந்தது. ஒவ்வொரு நாளும் விழும்போது எலும்பு மறுபடி போய்விட்டதோ என்று ஓடிப்போய்த் தடவிப் பார்ப்பேன். கடைசி நாட்களில் கயிறுதான் அதை இழுத்து விழவைக்கிறது என்று தெரிந்தது. "கயிறு இல்லாமல் விட்டுப் பார்க்கலாம் லா" என்றார் அபாங். டாக்டர் இரண்டு நாள் ஒத்திப்போட்டார். பிறகு ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், அவரே கத்தரியால் வாரை வெட்டினார்.

நான்தான் கையில் பிடித்திருந்தேன். இந்தத் தடவை சாக்கு இல்லை. உயர்த்தி விட்டேன்.

அடித்து எழும்பி, இடது பக்கம் சாய்ந்து, நேரே திடலின் ஓரத்து வேலிக்குப் போனது. இடிக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வேலிக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. மரத்திலிருந்த காகங்கள் பார்த்துவிட்டன. முதலில் இரண்டு, அப்புறம் ஏழெட்டு. தலையில் கொத்த வந்தன. ஒன்று முதுகில் இறகைப் பிடித்து இழுத்தது.

"சார், திரும்பப் பிடிச்சுரலாம் சார்!" என்று நான் ஓடப் பார்த்தேன். டாக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். என்னை அவர் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"நில்லும்."

பருந்து கம்பத்தில் குனிந்து, இறக்கையைப் பாதி விரித்து, கொத்துகளை வாங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று கம்பத்தை விட்டு இறங்கியது. விழுகிறது என்றுதான் நினைத்தேன். தரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் வேகம் பிடித்து, திடலின் நடுவில் நீளமாகப் போய், அந்தக் கோடியில் மேலே ஏறியது. காகங்கள் கத்திக்கொண்டு பின்னால் போயின. கடைவீடுகளின் ஓட்டு வரிசைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டத்திலும் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. பிறகு கடல் பக்கம் திரும்பியது. அபாங் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு ரொம்பநேரம் பார்த்தார். எனக்கு அது எப்போது மறைந்தது என்றே தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது.

அன்று மத்தியானம் டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஓர் அறிக்கை. என்ன எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உத்தரவை மீறியது, பதிவேட்டில் பொய்யாகக் கையெழுத்திட்டது, தொற்று பரவும் காலத்தில் ஒளித்துவைத்தது. எல்லாம் உண்மை. நானாகவே வந்து சொன்னதையும், கட்டு சரியாக இருந்ததையும் அதே அறிக்கையில் எழுதியிருந்தார். அபாங்கின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அதை நான் கவனித்தேன் என்பதை அவர் கவனித்தார்.

வேலை போகவில்லை. மாற்றல் வந்தது. துறைமுகத்தில், கப்பலில் வந்திறங்கும் ஆடுமாடுகளை நோய் பார்த்து அடைத்துவைக்கும் தொழுவத்துக்கு. கட்டுப் போடும் வேலை அங்கே கிடையாது. எண்ணுவது, தண்ணீர் காட்டுவது, சாணம் அள்ளுவது. கணவருக்கு அந்தச் செய்தியே போதுமாக இருந்தது. "வேலை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்து, பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாகக் குறட்டை விட்டார். குவீன்ஸ்டவுன் வீடு அடுத்த வருடம்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை நான் தொழுவத்துக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து முந்நூறு ஆடுகள் இறங்கி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நனைந்துகொண்டு நின்றன. அங்கிருந்த மேற்பார்வையாளர் என் கையில் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்து, நொண்டுவதைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன்.